கடப்பாரைக்குக் கீழே என்ன இருக்கிறது?

கடந்த ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிள்ளானில் இருக்கும் என் அக்கா வீட்டிற்குப் போயிருந்தேன். வரிசை வீடு. கார் நிறுத்தும் இடம் போக, கேட்டின் ஓரத்தில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு மண் தரை உண்டு. அந்த இடத்தில் முருங்கை வைக்க வேண்டும் என்பது மச்சானின் நெடுநாள் ஆசை. யாரோ நல்ல முருங்கைப் போத்து ஒன்று கொடுத்திருந்தார்கள். "ரெண்டடி ஆழம் போதும், வாங்க மச்சான்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டேன்.

ஓரடிக்கு மேல் வெட்டியதும் கடப்பாரை 'டங்' என்று எதிலோ மோதியது. மண்ணை விலக்கினால் செங்கல். "வீடு கட்டினப்போ புதைச்ச உடைசலா இருக்கும்" என்றேன். இரண்டு செங்கற்களை நெம்பி வெளியே எடுத்தேன். அவற்றின் கீழே மெல்லிய மணல் இருந்தது. அதிலும் கடப்பாரையை ஒருமுறை ஓங்கி இறக்கினேன்.

அப்போது நான்காம் படிவம் படிக்கும் அக்கா மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, உடைசல் கல்லு இப்படி வரிசையா கிடக்குமா?" என்று கேட்டாள். நாங்கள் வெட்டி வீசிய மண்குவியலைக் கிளறி ஒரு சிவப்பு நெகிழிப் பட்டையையும் இழுத்தாள். கிழிந்து போயிருந்த அந்தப் பட்டையில் 'அவாஸ்' என்ற சொல் மட்டும் மீதமிருந்தது.

பதினோரு ஆண்டுகளாக அறிவியல் பாடம் நடத்துகிறவன் நான். எச்சரிக்கைப் பட்டையை மண்வெட்டியால் கிழித்தோம், பாதுகாப்புச் செங்கலை நெம்பினோம், அதன் கீழிருந்த மணலிலும் குத்தினோம். மூன்று எச்சரிக்கைகளும் எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. ஒரு மாணவியின் கண்ணில் பட்டன. இந்த வாரக் கட்டுரை அந்தக் குழியைப் பற்றியது.

மெயின் சுவிட்சை அடைத்தால் போதுமா?

மகள் காட்டிய பட்டையைப் பார்த்தும் மச்சான் பதறவில்லை. "கரண்டு கேபிளா இருந்தாலும் பயமில்ல. நான் மெயின் சுவிட்சை அடைச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது இதையே சொல்லக்கூடும்.

மின்சாரம் வரும் வழியை நினைத்துப் பாருங்கள். துணை மின் நிலையத்திலிருந்து சாலையோரத்தில் நிற்கும் மின்விநியோகப் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து நிலத்தடிக் கேபிள் வழியாக உங்கள் மீட்டருக்கு வருகிறது. மீட்டரைத் தாண்டிய பிறகுதான் மெயின் சுவிட்ச் இருக்கிறது. அதை அடைத்தால் அதற்குப் பின்னால் உள்ள விளக்கு, விசிறி, குளிர்சாதனப் பெட்டி நிற்கும். முன்னால், மண்ணுக்குள் இருக்கும் கேபிளில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். தண்ணீர்க் குழாயைச் சமையலறையில் மூடிவிட்டால் சாலையோரக் குழாயில் நீரழுத்தம் குறைந்துவிடுமா?

ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் துண்டிப்பானும் இங்கே உதவாது. அந்தக் கருவி தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தையும் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் 30 மில்லியாம்பியர் போன்ற சிறிய அளவைத் தாண்டினாலே இணைப்பைத் துண்டிக்கும். ஆனால் அதன் வழியாகப் போகும் மின்னோட்டத்தைத்தான் அதனால் ஒப்பிட முடியும். கேட்டருகே கடப்பாரை குத்திய கேபிளில் ஓடும் மின்னோட்டம் அதைத் தொடவே இல்லை. அந்தக் கேபிளுக்குக் காவல் சாலைப் பக்கத்தில் உள்ள பெரிய ஃபியூஸ் மட்டுமே. அது கேபிள் உருகாமல் காப்பதற்காகப் போடப்பட்டது. மனித உடலைக் காப்பதற்காக அல்ல.

கணக்கைப் பார்ப்போம். வியர்த்த கையும் ஈர மண்ணில் வெறுங்காலுமாக நிற்கும் ஒருவரின் உடல் மின்தடை சுமார் 1000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லியாம்பியர் பாயும். இதயத்தின் துடிப்பைக் குலைக்க அதில் சிறு பங்கே போதும். ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தாங்கும்படி போடப்பட்ட ஃபியூஸுக்கு இந்த 0.23 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. அது அசையாது.

கடப்பாரை இரண்டு கடத்திகளையும் ஒரே நேரத்தில் வெட்டினால் குறுக்குச் சுற்று உண்டாகும். அந்தக் கணத்தில் 2000 ஆம்பியர் பாய்வதாக வைத்துக்கொள்வோம். 230 பெருக்கல் 2000 என்றால் 460 கிலோவாட். 2 கிலோவாட் மின்கெண்டிகள் 230 ஒரே குழிக்குள் கொதிப்பதற்குச் சமம். அந்த ஆற்றல் ஒரு மின்வில்லாக வெளிப்பட்டு உலோகத்தையே உருக்கி ஆவியாக்கும். மின்சாரம் தாக்காவிட்டாலும் முகமும் கையும் வெந்துபோவது அந்த மின்வில்லால்தான்.

மண் சொல்லும் சாட்சி

நிலத்தடிக் கேபிள் போடுகிறவர்கள் பின்னாளில் தோண்டப் போகிறவருக்காகக் கடிதம் எழுதிவைப்பதுபோல் மண்ணுக்குள் அடையாளங்களை வைக்கிறார்கள். கேபிளைச் சுற்றி மெல்லிய மணல் போடுவார்கள், கூரிய கல் எதுவும் உறையைக் குத்தாமல் இருக்க. அதன் மேல் செங்கல் வரிசை அல்லது கான்கிரீட் பலகை வரும். அதற்கும் மேலே எச்சரிக்கைப் பட்டை. மேலிருந்து தோண்டுகிறவர் இவற்றைச் சந்திக்கும் வரிசை பட்டை, செங்கல், மணல், கேபிள் என்று அமையும்.

சிறு வயதில் கற்ற பாடம் ஒன்று இங்கே கைகொடுக்கும். இயற்கையான மண் படிப்படியாக நிறம் மாறும். மேலே கறுப்பான வளமண், கீழே போகப்போகச் செம்மண்ணோ களிமண்ணோ வரும். ஒருமுறை தோண்டி மூடிய இடத்தில் இந்த ஒழுங்கு கலைந்திருக்கும். மண் கலவையாகவும் இளகியும் இருக்கும். களிமண்ணுக்கு நடுவே திடீரென்று சுத்தமான மணல் வந்தால், அதை யாரோ ஒருவர் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார் என்று பொருள். எதற்காகக் கொட்டினார் என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வெட்டு.

ஆழத்தை நம்பக்கூடாது. எங்கள் குழியில் கேபிள் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் ஆழத்திலேயே இருந்தது. போட்டபோது இன்னும் ஆழமாகத்தான் இருந்திருக்கிறது. முந்தைய வீட்டுக்காரர் கார் ஏற வசதியாக முன்புற மண்ணை வெட்டித் தாழ்த்தியிருந்தார். கேபிள் நகரவில்லை, தரைதான் இறங்கிவிட்டது. இதனால்தான் பழைய வரைபடத்தில் 'ஆழம் இவ்வளவு' என்று எழுதியிருந்தாலும் அனுபவமுள்ளவர்கள் அதை நம்பிக் கடப்பாரையை இறக்குவதில்லை.

மண்ணைத் தோண்டாமல் எப்படிப் பார்ப்பது?

1820-இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட் ஒரு கம்பியில் மின்சாரம் பாயும்போது அருகிலிருந்த திசைகாட்டி முள் அசைவதைக் கண்டார். மின்னோட்டம் இருந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும். 1831-இல் ஃபாரடே அதன் மறுபக்கத்தைக் காட்டினார். மாறும் காந்தப்புலத்தில் ஒரு கம்பிச்சுருளை வைத்தால் அதில் மின்னழுத்தம் தூண்டப்படும். ஐந்தாம் படிவ இயற்பியலில் வரும் இந்த இரண்டும் சேர்ந்ததுதான் கேபிள் கண்டறியும் கருவி. நீண்ட கைப்பிடி கொண்ட அந்தக் கருவியின் உள்ளே கம்பிச்சுருள்கள் இருக்கின்றன. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவதால், மண்ணுக்குள் ஓடும் கேபிளின் காந்தப்புலமும் 50 ஹெர்ட்ஸில் அலையும். சுருளில் அது சிறு மின்னழுத்தமாகத் தோன்றி, ஒலியாக நமக்குக் கேட்கும்.

ஆழத்தையும் அதே கருவி கணக்கிடுகிறது. நீண்ட நேர்க்கம்பியைச் சுற்றிய காந்தப்புலம் தூரத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும். கருவிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக 40 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு சுருள்கள் இருப்பதாகக் கொள்வோம். கீழ்ச்சுருள் காட்டும் அளவு மேல்ச்சுருளைப்போல் ஒன்றரை மடங்கு. கேபிளுக்கும் கீழ்ச்சுருளுக்கும் உள்ள தூரம் d மீட்டர் என்றால், d கூட்டல் 0.4 என்பதை d-யால் வகுத்தால் 1.5 வரவேண்டும். தீர்த்துப் பாருங்கள், d என்பது 0.8 மீட்டர். மண்வெட்டியைத் தொடாமலே ஆழம் தெரிந்துவிட்டது. வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்தால், "சார், இது எதுக்குப் பயன்படும்?" என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் கருவி மௌனமாக இருந்தால் கீழே ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியுமா? முடியாது. காந்தப்புலத்தை உண்டாக்குவது மின்னோட்டம், மின்னழுத்தம் அல்ல. யாரும் இல்லாத பூட்டிய வீட்டிற்குப் போகும் கேபிளில் 230 வோல்ட் இருக்கும், மின்னோட்டம் ஏறக்குறைய இருக்காது. கருவிக்கு அது தெரியாது, தொட்டால் மட்டும் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே உறைக்குள் ஒரு கம்பியில் மின்னோட்டம் போகிறது, பக்கத்துக் கம்பியில் அதே அளவு திரும்பி வருகிறது. எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் இரண்டின் காந்தப்புலங்களும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். அதனால்தான் தொழில்முறைப் பணியாளர்கள் 50 ஹெர்ட்ஸை மட்டும் நம்பாமல், 33 கிலோஹெர்ட்ஸ் போன்ற உயர் அதிர்வெண் சமிக்ஞையைத் தாங்களே கேபிளில் செலுத்தி அதைத் தேடுகிறார்கள்.

நெகிழிக் குழாய்க்கு இதுவும் பலிக்காது. நீலநிறத் தண்ணீர்க் குழாயும் மஞ்சள்நிற எரிவாயுக் குழாயும் பாலிஎதிலீனால் ஆனவையாக இருந்தால் மின்சாரத்தைக் கடத்தா. சில இடங்களில் குழாயோடு மெல்லிய செம்புக் கம்பி ஒன்றையும் சேர்த்துப் புதைப்பது, பின்னால் அந்தக் கம்பி வழியாகக் குழாயைத் தேடிக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

நெகிழியையும் 'பார்க்கும்' கருவி ஒன்று உண்டு. அதன் பெயர் நில ஊடுருவு ரேடார். புல்வெட்டி போன்ற சிறு வண்டியைத் தரையில் தள்ளிக்கொண்டு போவார்கள். அது மண்ணுக்குள் ரேடியோ அலைத் துடிப்புகளை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது. அலை போய்வந்த நேரத்திலிருந்து ஆழம் கிடைக்கும், அலையின் வேகம் தெரிந்தால். அந்த வேகம் மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. உலர்ந்த மணலில் ஒரு நானோநொடிக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், நன்றாக நனைந்த மண்ணில் 6 சென்டிமீட்டர் என்று கொள்ளலாம். எதிரொலி 20 நானோநொடியில் திரும்பினால் போக 10, வர 10. உலர் மணலாக இருந்தால் பொருள் 1.5 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஈர மண்ணாக இருந்தால் 60 சென்டிமீட்டரில். அதே எதிரொலிக்கு இரண்டு விடைகள். மாலைதோறும் மழை கொட்டும் நம் ஊரில், அதுவும் கடலோரக் களிமண் பூமியில், ஈரக் களிமண் ரேடியோ அலையை உறிஞ்சியும்விடும். ஆகவே இந்தக் கருவிக்கும் கண் மங்கும் நாள் உண்டு.

தபான் மரம் சொன்ன வழி

சிறிது வரலாறு. மின்கம்பியை ஈர மண்ணுக்குள் புதைக்கலாம் என்ற எண்ணத்திற்கு உயிர் கொடுத்த பொருள் நம் மலாயாக் காட்டிலிருந்து போனது. கெத்தா தபான் என்று மலாய் மக்கள் அழைத்த மரத்தின் பால் உறைந்தால் குட்டாபெர்ச்சா என்னும் பொருளாகும். வெந்நீரில் இளகும், ஆறினால் கெட்டியாகும், தண்ணீரை உள்ளே விடாது, மின்சாரத்தைக் கடத்தாது. சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மோண்ட்கோமரி 1840களில் அதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1847-இல் ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ், செம்புக் கம்பியின் மேல் அதை இடைவெளியின்றிப் பூசும் பொறியை அமைத்தார். நிலத்தடித் தந்திக் கம்பிகளும் பின்னர் கடலடித் தந்திக் கம்பிகளும் அந்த உறையோடுதான் போடப்பட்டன. ஒரு மரத்திலிருந்து கிடைத்த பால் கொஞ்சம்தான் என்பதால் மரங்களை வெட்டியே பால் எடுத்தார்கள். பல காடுகளில் தபான் மரமே அருகிப்போனது. 1933-இல் பாலிஎதிலீன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் நல்ல மாற்று வந்தது. முருங்கைக்காக நாங்கள் தோண்டிய குழியில் கிடந்த கேபிளின் கறுப்பு உறை அந்தப் பரம்பரையில் வந்த பொருள்.

எதை எவ்வளவு நம்பலாம்?

நம் நாட்டு நில அளவைத் துறையான ஜூப்பெம், நிலத்தடிக் குழாய்கள், கேபிள்கள் பற்றிய தகவல்களைப் 'பாடு' என்ற தேசியத் தரவுத்தளத்தில் சேர்த்துவைக்கிறது. அதில் ஒவ்வொரு தகவலுக்கும் ஏ முதல் டி வரை தரநிலை உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். அறிவியலில் ஒரு தகவலைச் சொல்வதோடு வேலை முடிவதில்லை. அது எந்த வழியில் தெரியவந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

டி என்பது பழைய ஆவணத்தில் மட்டும் இருப்பது. சி என்பது தரையில் தெரியும் அடையாளங்களோடு, அதாவது மூடிகள், வால்வுகள், பெட்டிகளோடு பொருத்திப் பார்த்தது. பி என்பது கருவியால் கண்டறிந்தது. ஏ என்பது தோண்டி, கண்ணால் பார்த்து, அளந்து எழுதியது. கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது பி தரம்தான், கவனித்தீர்களா?

வீட்டில் கருவி இல்லாத நமக்கு டி, சி இரண்டும் கைக்கெட்டும். வீட்டு வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பிறகு வாசலில் நின்று சுற்றிப் பாருங்கள். மின்மீட்டர் எங்கே இருக்கிறது? மேலே மின்கம்பத்திலிருந்து கம்பி வராவிட்டால் அது தரைக்குள்ளிருந்துதான் வருகிறது. சாலையோர மின்பெட்டியையும் மீட்டரையும் மனத்தில் ஒரு கோட்டால் இணையுங்கள். தண்ணீர் மீட்டரிலிருந்து வீட்டிற்கு ஒரு கோடு. கழிவுநீர் மூடிகள் இரண்டு தெரிந்தால் அவற்றிற்கிடையே ஒரு கோடு. ஆனால் இந்தக் கோடுகள் ஊகம் மட்டுமே. குழாய் போட்டவர் ஒரு மரத்தைச் சுற்றி வளைத்துப் போட்டிருக்கலாம், அந்த மரம் இன்று இல்லாமலும் போயிருக்கலாம். கோட்டின் மேல் தோண்டாதீர்கள் என்பது ஒரு பாதி. கோட்டிலிருந்து தள்ளித் தோண்டும்போதும் பட்டை, செங்கல், மணல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே தோண்டுவது மறுபாதி. சந்தேகம் இருந்தால் அந்தந்த நிறுவனத்தை அழைத்துக் கேட்பதுதான் முறை. சிங்கப்பூரில் மின்கேபிள் இருக்கக்கூடிய இடத்தில் தோண்டும் பணிக்கு முன், கேபிள் கண்டறிய உரிமம் பெற்ற பணியாளர் வந்து பார்க்க வேண்டும். அந்த வேலைக்கென்றே தனி உரிமம் வைத்திருக்கிறார்கள்.

கடப்பாரையா, மண்வெட்டியா?

ஆறு கிலோ கடப்பாரையை அரை மீட்டர் உயரத்திலிருந்து வெறுமனே விழவிடுங்கள். அதன் ஆற்றல் சுமார் 30 ஜூல். மண்ணில் 2 சென்டிமீட்டர் இறங்கி நின்றால் சராசரி விசை 1500 நியூட்டன் அளவு. முனையின் பரப்பு 1 சதுரச் சென்டிமீட்டர் என்றால் அழுத்தம் 15 மெகாபாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு. இதில் நம் கைவிசையைச் சேர்க்கவில்லை. தட்டை மண்வாரியைச் சாய்வாகப் பிடித்து 200 நியூட்டனில் தள்ளினால், அதன் விளிம்பு 4 சதுரச் சென்டிமீட்டர் எனக் கொண்டால், அழுத்தம் அரை மெகாபாஸ்கல்தான். முப்பதில் ஒரு பங்கு. மேலும், தள்ளும்போது எதிரே ஏதாவது தட்டுப்பட்டால் கை உடனே உணர்ந்து நிறுத்தும். ஓங்கிய கடப்பாரையைப் பாதி வழியில் யாராலும் நிறுத்த முடியாது.

அதனால் குழாயோ கேபிளோ இருக்கக்கூடும் என்று நினைக்கும் இடத்தில் கடப்பாரையும் கோடரி வகைக் கருவிகளும் வேண்டாம். மரப்பிடியோ கண்ணாடியிழைப் பிடியோ உள்ள மண்வாரியால் பக்கவாட்டில் மெல்ல மெல்லச் சுரண்ட வேண்டும். செருப்பு போதாது, ரப்பர் அடிப்பாகம் உள்ள மூடிய காலணி வேண்டும். பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இடுப்பளவுக்கு மேல் ஆழமான குழியில் நீங்கள் இறங்கவே கூடாது. ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கும் மேல் எடை கொண்டது. பக்கச்சுவர் சரிந்தால் நெஞ்சு விரிய இடமிருக்காது, மூச்சு விட முடியாது.

பழைய தாமான்களில் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அங்கே தண்ணீர்க் குழாய்கள் சில ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனவை. ஒரு தட்டில் விரிசல் விடும். உடைந்த துண்டுகளைக் கையாலெடுப்பதோ உடைப்பதோ கூடாது, அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு.

எரிவாயு என்றால்

2025 ஏப்ரல் 1-ஆம் தேதி காலை, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள், சுபாங் ஜெயா புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து எழுந்த தீயை நீங்கள் காணொளியில் பார்த்திருப்பீர்கள். வால்வுகளை மூடிய பிறகும் குழாயினுள் மீதமிருந்த எரிவாயு தீரும்வரை தீ எரிந்தது. பிற்பகலில்தான் அணைந்தது. யாரோ அருகில் தோண்டியதுதான் காரணம் என்று பலர் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். விசாரணை முடிவு வேறாக இருந்தது. குழாயைத் தாங்கியிருந்த மண் வலுவிழந்து, தாங்கல் குறைந்த குழாய் மீண்டும் மீண்டும் வளைந்து உலோகக் களைப்பால் முறிந்தது என்பதே அதன் சாரம். காகித ஊக்கியை முன்னும் பின்னும் வளைத்து உடைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதேதான். அது நாட்டின் உயரழுத்தப் பெருங்குழாய், வீட்டுக் குழாயோடு ஒப்பிடக்கூடாது. ஆனாலும் குழி தோண்டுகிறவருக்கு அதில் ஒரு செய்தி உண்டு. குழாயைத் தொடாவிட்டாலும், அதன் அடியிலுள்ள மண்ணை எடுத்துவிட்டாலே அதற்குக் கேடு செய்கிறோம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் கலன் எரிவாயுதான். சில குடியிருப்புகளில் மட்டும் இயற்கை எரிவாயு குழாயில் வருகிறது. அதன் முக்கியப் பகுதி மீத்தேன். காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். அதற்கு மணமில்லை என்பதால் அழுகிய முட்டை போன்ற நாற்றமுள்ள மெர்காப்டனைக் கலந்து அனுப்புகிறார்கள். ஆனால் கசிந்த வாயு மண்ணின் ஊடாக வரும்போது அந்த நாற்றத்தை மண் உறிஞ்சிக்கொள்ளவும் கூடும். 'நாற்றம் இல்லை, ஆகவே கசிவு இல்லை' என்ற முடிவு தவறாகலாம்.

குழாயில் வெட்டுப்பட்டால் கருவியைப் போட்டுவிட்டு, காற்று வீசிவரும் திசையை நோக்கி விலகிப் போக வேண்டும். விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அணைப்பது ஏன் கூடாது? சுவிட்சின் தொடுமுனைகள் பிரியும் நொடியிலும் சிறு பொறி பறக்கும். காரைக் கிளப்புவதும் கூடாது. தூரமாகப் போன பிறகு 999-ஐ அழைக்க வேண்டும். கசியும் வாயுவில் தீப்பற்றிவிட்டால் அதை நாமாக அணைக்க முயலக்கூடாது. எரிகிற வாயு இருக்கும் இடம் தெரியும். தீ அணைந்த பிறகும் கசிகிற வாயு எங்கே போய்ச் சேர்கிறது என்பது தெரியாது.

மின்கேபிளை வெட்டிவிட்டால் குத்திய கருவியைப் பிடுங்கக்கூடாது. கைவிட்டு, கால்களைத் தரையிலிருந்து தூக்காமல் குறுகிய அடிகளாக நகர்ந்து விலக வேண்டும். மண்ணுக்குள் பாயும் மின்சாரத்தின் அழுத்தம் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து தூரம் போகப்போகக் குறைகிறது. அகலமாகக் கால் வைத்தால் ஒரு பாதம் அதிக அழுத்தத்திலும் மறுபாதம் குறைந்த அழுத்தத்திலும் இருக்கும். அந்த வேறுபாடு உங்கள் கால்கள் வழியே மின்னோட்டத்தைத் தள்ளும். 11 கிலோவோல்ட் கேபிள்களில் இது உயிரைப் பறிக்கும்.

கண்ணாடியிழைக் கேபிளில் மின்சாரம் இல்லை என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். அதில் ஓடுவது முழு அக எதிரொளிப்பால் சிறைப்பட்ட அகச்சிவப்பு ஒளி. வெட்டுப்பட்ட முனையைக் கண்ணருகே கொண்டுபோனால் ஒன்றும் தெரியாது, ஆனால் விழித்திரைக்கு ஆபத்து இருக்கலாம்.

ஒரு கீறல்

இனி எங்கள் குழிக்கு வருகிறேன். மணலை மச்சான் கையால் விலக்கப் போனார், நான் தடுத்தேன். மூவரும் விலகி நின்றோம். "மூடிடலாம் மச்சான், ஒண்ணும் ஆகலியே. கூப்பிட்டா அபராதம் அது இதுன்னு எழுதுவாங்க" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த எண்ணம் வந்தது. கேபிளின் மேல் ஓங்கிக் குத்தியவன் நான். ஆசிரியர் என்ற பெயர் வேறு.

மகள்தான் விடவில்லை. "குத்துனது கேபிள்ல பட்டுச்சா இல்லையான்னு நமக்குத் தெரியாதே மாமா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 15454-ஐ அழைத்தோம்.

வந்த பணியாளர் மணலைத் தூரிகையால் விலக்குவதுபோல் விலக்கினார். கறுப்பு உறையில் விரல் நகம் அளவுக்கு ஒரு கீறல் இருந்தது. உட்காப்பு வரை போகவில்லை. இந்த அளவுக்கு இருக்கும்போதே அழைத்தது நல்லது என்றார். கீறல் வழியாக ஈரம் மெல்ல உள்ளே போகும். மின்புலத்தின் தாக்கத்தில் அந்த ஈரம் காப்புப்பொருளுக்குள் மரக்கிளைபோல் நுண்ணிய பாதைகளைக் கிளைக்க வைக்கும். சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து ஒரு மழை நாளில் காப்பு உடையும். அப்போது அந்த இடத்தின் மேல் யார் நிற்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அங்கே கடப்பாரை குத்தியதை அன்றைக்கு யாரும் நினைவில் வைத்திருக்கவும் மாட்டார்கள்.

உறையைச் சரிசெய்து, மணல் போட்டு, செங்கற்களைப் பழையபடி அடுக்கினார்கள். மூடுவதற்கு முன் மகள் அளவு நாடாவைக் கொண்டுவந்து, கேட்டின் இடது தூணிலிருந்து கேபிள்வரை உள்ள தூரத்தையும் ஆழத்தையும் அளந்து தாளில் வரைந்தாள். தேதியும் எழுதினாள். ஏ தரம். அந்தத் தாள் இப்போது வீட்டுப் பத்திரக் கோப்பில் இருக்கிறது. முருங்கை பின்பக்கம், கழிவுநீர்க் குழாயிலிருந்தும் தள்ளி, வேலியோரமாகத் துளிர்த்திருக்கிறது.